பதினைந்தாவது வீடு

2020 கடைசியில் எங்கள் ஊருக்கு மேற்கே, கரட்டடியில், ஒல்லியாக ஒரு இரும்புக் கம்பம் முளைத்தது. நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். "செல்போன் டவரு வருது, இனிமே மொட்டை மாடிக்கு ஏறிப் பேச வேண்டியதில்ல" என்று ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருந்ததை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அது காற்றை அளக்கிற கம்பம். காற்றாலை வருகிற ஊருக்கு முதலில் வருவது அதுதான். ஒரு வருசமோ அதற்கும் மேலோ நின்று, காற்றின் வேகத்தையும் திசையையும் குறித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குக் கிடைக்கிற அவகாசமும் அவ்வளவுதான். அந்த அவகாசத்தை நாங்கள் போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் வருகிறதா என்று பார்த்தே கழித்தோம்.

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, சொந்தபந்தம் நிறைய. மதுரையிலிருந்து தேனி ரோட்டில் மேற்கே வந்தால் எங்கள் பக்கம். தமிழ்நாட்டில் காற்றுக்குப் பேர்போன கணவாய்கள் என்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என நாலைச் சொல்வார்கள். கம்பம் ஊர்ப் பக்கமிருந்து கிளம்புகிற காற்றின் வால் நுனியில் நாங்கள் இருக்கிறோம். மானாவாரிப் பூமி. சோளம், பருத்தி, மொச்சை, கிணறு வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் மல்லிகை. வைகை அணையிலிருந்து வருகிற 58 கிராமக் கால்வாய்த் தண்ணீரும் எங்கள் கண்மாய்க்கு எட்டாது. வைகாசி பிறந்தால் ஆவணி முடிய வாசலில் துணி காயப் போட முடியாது. அந்தக் காற்றுக்கு விலை உண்டு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை நான் வார்டு மெம்பர். பெண்களுக்கான வார்டு என்பதால் வீட்டில் என்னை நிற்கச் சொன்னார்கள், நின்றேன், ஜெயித்தேன். தையல் மிஷின்தான் என் தொழில். அளவு எடுப்பது மட்டும் எனக்குப் பழக்கம். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

கம்பம் நின்ற மறு வருசம் புரோக்கர்கள் வந்தார்கள். எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள், மாமன் மச்சான் முறை சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள். ஒருவரிடம் பேசிய விலையை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அச்சாரம் கொடுத்தார்கள். கிரயம் எழுதாமல், நிலத்தை விற்கிற அதிகாரத்தைக் கொடுக்கிற 'பவர்' பத்திரம் எழுதி வாங்கியதும் உண்டு. யாருடைய நிலம் போகிறது, எங்கே போகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டு வில்லங்கம் பார்த்திருந்தால், எந்தெந்த நிலத்தில் புதிதாகப் பத்திரம் விழுந்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் வந்திருக்கும். நிலத்தின் அளவுப் படமான புலப்படத்தில் அந்த நம்பர்களுக்கெல்லாம் மஞ்சள் பென்சில் தீட்டினால் காத்தாடி எந்தப் பக்கம் வரும், பாதை எந்தப் பக்கம் போகும் என்பது கண்ணில் தெரிந்துவிடும். நான் அதைச் செய்தது ரெண்டு வருசம் கழித்து.

2022 செப்டம்பரில் கம்பெனியின் கடிதம் ஊராட்சிக்கு வந்தது. மன்றக் கூட்டத்தில் கிளார்க் படித்தார். 'தங்கள் ஊராட்சி எல்லைக்குள் காற்றாலைகள் அமைக்கவும், பாதைகளைப் பயன்படுத்தவும் ஆட்சேபணை இல்லை' என்று ஒரே வரி. அடியில் எங்கள் எல்லோருடைய பெயரும் டைப் அடித்துத் தயாராக இருந்தது. டீயும் வடையும் வந்தது. கையெழுத்துப் போட நோட்டு என்னிடம் வந்தபோது, நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு நகல் வாங்கிக்கொண்டு வந்தேன். தைரியத்தால் இல்லை. கண்ணாடி எடுத்துப் போகவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் மாமனார் திண்ணையில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டார். நாலாம் வகுப்புப் படித்தவர். ஆனால் பங்காளிச் சண்டையில் இருபது வருசம் கோர்ட்டுக்கு நடந்தவர்.

"எந்தப் பூமியில?"

"ஊருக்குள்ளன்னுதான் மாமா போட்டிருக்கு."

"ஏத்தா, சர்வே நம்பர் இல்லாத காயிதத்துல கையெழுத்துப் போட்டா, நம்ம ஓடையும் அதுக்குள்ளதான், நம்ம சுடுகாடும் அதுக்குள்ளதான்."

மறுநாள் போய் சர்வே நம்பர், எத்தனை காத்தாடி, எந்தப் பாதை, எவ்வளவு அகலம் என்று எழுதிக் கேட்போம் என்றேன். தலைவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. நவம்பர் 1 கிராம சபையில் வைப்போம் என்று முடிவானது. கிராம சபை முன்னெல்லாம் வருசத்துக்கு நாலு, அந்த வருசம்தான் ஆறாக்கி, உள்ளாட்சி நாளையும் உலகத் தண்ணீர் நாளையும் சேர்த்திருந்தார்கள்.

அந்தக் கிராம சபையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊர் ஜனத்தொகைக்கு 100 பேர் வந்தால் போதும், அன்றைக்கு 300 பேருக்குமேல். வழக்கமாக ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குகிற கூட்டம் அது. எல்லோரும் பேசியது ஒன்றே ஒன்றுதான்: காத்தாடி வந்தால் மழை வராது, ரெக்கை மேகத்தைக் கலைத்துவிடும். நானும் மைக்கைப் பிடித்து அதையே பேசினேன். 'காற்றாலையால் மழை நின்றுவிடும் என்பதால் அனுமதிக்கக் கூடாது' என்று தீர்மானம் எழுதி, கைதட்டி, கலைந்தோம்.

அதை யாரும் மதிக்கவில்லை, மதிக்கவும் காரணமில்லை. ரெக்கை நுனி எட்டுகிற உயரம் இருநூறு மீட்டருக்குள். மழை மேகம் அதற்கு ரொம்ப மேலே போகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடிக் காட்டுக்குள்ளேயே வாழை நிற்கிறது. எங்கள் பக்கம் மழை குறைவு என்பது மலை மறைவால், அது எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான். உண்மையாகக் கேட்க வேண்டிய ஐந்தாறு கேள்விகள் இருந்தும், பொய்யான ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். கம்பெனிக்காரர்களுக்கு அது ரொம்ப வசதியாகப் போனது.

இன்னொரு நினைப்பும் எங்களிடம் இருந்தது. கல்குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்களே, இதற்கும் கலெக்டர் வந்து கூட்டம் போடுவார், அங்கே வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று. வராது. 2006-ஆம் வருசத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. 2016-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை 'வெள்ளை' வகையில் சேர்த்தும்விட்டது. அதாவது மாசு இல்லாத தொழில். பந்தல் போட்டு, மைக் வைத்து, ஊரைக் கூப்பிட்டுக் கேட்கிற நாள் என்று ஒன்று காற்றாலைக்குக் கிடையாது. பட்டா நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஊருக்கு இருக்கிற பிடி எல்லாம் பொது இடத்தில்தான்: ஓடை, வண்டிப்பாதை, புறம்போக்கு. அப்புறம் தூரம்.

தூரம் பற்றிச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊர்ப் பையன் ஒருவன். உடுமலைப் பக்கம் காற்றாலையில் டெக்னீசியனாக வேலை பார்க்கிறான். தீபாவளி லீவு முடிந்து போனவனுக்குப் போன் போட்டேன். "அக்கா, மழையை விடுங்க. வீட்டுல இருந்து எத்தனை மீட்டர்னு அளந்தீங்களா?" என்று கேட்டான். மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலை அனுப்பி வைத்தான். இங்கிலீஷில் இருந்தது. எனக்கு வேண்டிய ரெண்டு வரியை அவனே தமிழில் சொன்னான்.

முதலாவது: ரோடு, ரயில் பாதை, கட்டடம், உயரழுத்த மின்கம்பி இவற்றிலிருந்து காத்தாடி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. கோபுரத்தின் உயரம், அதோடு ரெக்கை சுற்றுகிற வட்டத்தின் விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர். கோபுரம் 120 மீட்டர், வட்டம் 120 மீட்டர் என்றால் 120-உம் 60-உம் 5-உம் சேர்த்து 185 மீட்டர். "காத்தாடி வேரோட சாஞ்சாலும் ரெக்கை நுனி ரோட்டைத் தொடக் கூடாது, அதுக்கு மேல அஞ்சு மீட்டர். அவ்வளவுதான் கணக்கு" என்றான்.

ரெண்டாவது: 15 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் சேர்ந்து இருக்கிற இடத்திலிருந்து, சத்தத்துக்காக, 500 மீட்டர்.

இந்த ரெண்டாவதில்தான் எங்கள் கதை இருக்கிறது.

மேட்டுத் தெருவுக்குப் பின்னால் பருத்திக் காட்டில் சிவப்புப் பெயிண்ட் அடித்த முளைக்குச்சி ஒன்று அடித்திருந்தார்கள். நாலாம் நம்பர் காத்தாடி. கார்த்திகை மாசம் ஒரு காலையில் நானும் வீட்டுக்காரரும் என் கொழுந்தன் மகனும் அளக்கப் போனோம். 50 மீட்டர் நைலான் கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு, முந்தின நாள் ராத்திரி என் தையல் டேப்பை வைத்துப் போட்டது. பனி ஈரத்தில் கயிறு கனத்து, பருத்திச் செடியில் சிக்கிச் சிக்கி, ஒரு தடவை 320 வந்தது, இன்னொரு தடவை 310. போனில் மேப்பைத் திறந்து அளந்தால் 312. எப்படிப் பார்த்தாலும் 500 இல்லை.

ஆனால் 15 வீடு இருக்கிறதா? மேட்டுத் தெருவில் எண்ணினால் 15 அடுப்பு எரிகிறது. வீட்டு வரி ரசீது 13-க்குத்தான். மீதி ரெண்டில் ஒன்று, தனிக்குடித்தனம் போன தம்பதி ஆட்டுக் கொட்டகையை மறைத்துக் கட்டியது. இன்னொன்று, ஒரு கிழவி தனியாக இருக்கிற ஓட்டு வீடு. வரி போட்டால் முதியோர் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ சொல்லி, பயந்து எழுதாமலே இருந்திருக்கிறாள். அப்படி எதுவும் ஆகாது என்று புரியவைக்க எனக்கு மூணு நாள் ஆனது. கிளார்க்கைக் கூட்டிப் போய் ரெண்டு வீட்டையும் அளந்து, நம்பர் போட்டு, வரி கட்டி ரசீது வாங்கினோம். கிழவி ரசீதைச் சுருட்டிச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். நகல் எடுக்க அதை வெளியே வாங்குவதற்கு இன்னொரு நாள்.

15 ரசீது நகல், புலப்படம், நாங்கள் அளந்த கணக்கு, வழிகாட்டுதலின் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மன்றத் தீர்மானமாக வைத்தோம். ஒரு நகல் கம்பெனிக்கு, ஒன்று கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு. இதில் 'வேண்டாம்' என்ற வார்த்தையே இல்லை. 'இன்ன சர்வே நம்பரில் வரும் நாலாம் எண் காற்றாலை 15 குடியிருப்புகளிலிருந்து சுமார் 312 மீட்டரில் உள்ளது, 500 மீட்டருக்கு அப்பால் மாற்றியமைக்க வேண்டும்' என்று மட்டும். மழைத் தீர்மானத்துக்கு ஒரு வரி பதில் வராத எங்களுக்கு, இருபது நாளில் கம்பெனி இஞ்சினியர் நேரில் வந்தார். அவரும் ஒரு கருவியை வைத்து அளந்தார். 314. வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். தன் பைலில் இந்தத் தாள் கிடப்பதை அவர் விரும்பவில்லை என்பது தெரிந்தது. தை மாசம் முளைக்குச்சி மாறியது.

மாறியதும் வந்த வினையையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பருத்திக் காடு என் மாமனாரின் தம்பியுடையது. சின்ன மாமா மகள் கல்யாணத்துக்கு அந்தக் கிரயப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். அச்சாரம் மட்டும் வாங்கியிருந்தார், முளைக்குச்சி போனதோடு பேச்சும் முறிந்தது. "ஊரைக் காப்பாத்துனியே, என் வீட்டை யாரு காப்பாத்துறது?" என்று எங்கள் வாசலில் நின்று கேட்டார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார்கள், மாமனாரிடம் மட்டும். நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அச்சாரம் வாங்கியவர்கள் யார் யார் என்று முதலிலேயே விசாரித்து, அவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். அளப்பதற்கு முன்னால் போக வேண்டிய வீடு அதுதான். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே காட்டுக்குப் போய்விட்டேன்.

இந்தச் சூட்டில் ஓடையைக் கோட்டைவிட்டோம். 'ஓடையைக் கடந்து தற்காலிகப் பாதை அமைத்துக்கொள்ளலாம்' என்று பாதைக்காக நாங்கள் போட்ட இன்னொரு தீர்மானத்தில் ஒரு வரி. எத்தனை குழாய், எவ்வளவு விட்டம், எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று எதுவும் எழுதவில்லை. 2023 பங்குனியில் காய்ந்து கிடந்த ஓடையில் கிராவலைக் கொட்டி ரோலர் விட்டார்கள். குழாயே இல்லை. ரெக்கை ஏற்றிய லாரி அதன்மேல் போனபோது ஊரே நின்று வேடிக்கை பார்த்தது, நானும் பார்த்தேன். 50 மீட்டருக்கு மேல் நீளம், முனியாண்டி கோயில் முக்கில் திரும்புவதற்கே ராத்திரி முழுக்க ஆனது. கோயில் வேம்பில் ஒரு கிளையை மட்டும் வெட்டினார்கள். அதற்குப் பூசாரியிடம் உத்தரவு கேட்டார்கள், ஓடைக்கு யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தக் கிராவல் மேட்டில் முட்டி, பக்கத்துக் காட்டில் ஏறி, கண்மாய்க்கு வர வேண்டியது பாதிகூட வரவில்லை. நாலு ஏக்கர் மொச்சை அழுகியது. கம்பெனி தீர்மான நகலைக் காட்டியது: அனுமதி இருக்கிறதே. இருந்தது, நாங்கள் கொடுத்ததுதான். புறம்போக்கு நம்பர், தண்ணீர் தேங்கிய போட்டோ, தேதி எல்லாம் வைத்து மறுபடி மனு, மறுபடி நடை. மார்கழியில் மேட்டை வெட்டி மூணு வரிசை சிமெண்ட் குழாய் வைத்தார்கள். அழுகிய மொச்சைக்கு ஏதோ கொடுத்தார்கள், கேட்ட அளவு இல்லை.

மின்கம்பி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காத்தாடி நிற்கிற நிலத்துக்காரருக்கு விலை கிடைக்கிறது. அங்கிருந்து துணைமின் நிலையம் வரைக்கும் 33 கேவி கம்பி போகிற வழியில் இருக்கிறவர்களுக்குக் குழி தோண்டும்போதுதான் சேதியே தெரிகிறது. கம்பம் நிற்கிற காடெல்லாம் எந்தெந்த நம்பர் என்று கம்பி வழிப் படத்தை முதல் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, கம்பெனி அந்தப் படத்தைக் கொடுத்திருக்கிற அரசு அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

2024 ஆடியில் முதல் தடவையாக எல்லாக் காத்தாடியும் சேர்ந்து ஓடியது. சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். தூரத்தில் யாரோ முறத்தில் விடாமல் புடைக்கிற மாதிரி. பகலில் காதில் விழாது. ராத்திரி காற்று ஒரே சீராக அடிக்கும்போது மேட்டுத் தெருவில் கேட்கும், 500 மீட்டர் தள்ளியும். 312-இல் இருந்திருந்தால் என்று கிழவியிடம் சொன்னேன். அவளுக்குக் காது கேட்காது, சிரித்தாள். நாலு பேருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. கோபுரத்தடியில் பழையபடி சோளம் போடுகிறார்கள், ஆடு மேய்கிறது. காலை வெயிலில் ரெக்கை நிழல் வந்து வந்து போகிற களத்தில் மட்டும் மாடு கட்ட முடியவில்லை, மிரள்கிறது.

போன வருசம் மேலூர்ப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்திருந்த கதையைப் பேசிவிட்டு, "நாங்க கிராம சபைத் தீர்மானம் போட்டு நிப்பாட்டுனோம், நீங்க விட்டுட்டீங்களே" என்று ஒரு மதினி கேட்டாள். அங்கே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஒன்றாக நின்றது, சட்டமன்றமே தீர்மானம் போட்டது. அரசாங்கம் விட்ட ஏலம், அரசாங்கம் நிறுத்தலாம். இங்கே என் சின்ன மாமா மாதிரி ஆட்கள் தங்கள் பட்டாவுக்குத் தாங்களே விலை பேசினார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மானாவாரிப் பூமியில் பருத்தி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. மெம்பர் இல்லை என்றாலும் நான் வைத்திருக்கிற பைல் வீட்டில்தான் இருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நகல் எடுத்துப் போகிறார்கள். கேட்பவர்களிடம் மழைத் தீர்மானத்தையும் சேர்த்தே கொடுக்கிறேன்.

ஓடையில் வைத்த மூணு குழாயில் நடுக் குழாய் சேறு அடைத்துக் கிடக்கிறது. கம்பெனிக்கு ரெண்டு தடவை எழுதிவிட்டேன், வருகிறோம் என்கிறார்கள். புரட்டாசிக்குள் யாரும் வராவிட்டால் நூறுநாள் வேலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வீட்டுக்காரரும் கொழுந்தன் மகனும் மண்வெட்டியோடு போக வேண்டியதுதான்.